பவுல் ஃப்ளோராவின் அண்டங்காக்கைகள்

கேள்வி இதுதான்: ஆஸ்திரியாவின் பவுல் ஃப்ளோரா பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரரா, புத்தகங்களுக்குப் படம் போட்டவரா, அல்லது தனி ஓவியரா? அவர் படங்களில் எங்கே திரும்பினாலும் ஏன் காக்கை உட்கார்ந்திருக்கிறது?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அது காக்கை இல்லை, அண்டங்காக்கை. ஜெர்மனில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஃப்ளோரா தன் புத்தகத் தலைப்பிலேயே வைத்தது அண்டங்காக்கைக்கான பெயரைத்தான். உடம்பு முழுக்க ஒரே கறுப்பு, கனத்த அலகு. பேனாவும் கறுப்பு மையும் மட்டுமே வைத்துப் பிழைக்கிற ஒருவருக்கு இதைவிடத் தோதான பறவை வேறு கிடைக்காது. இது பாதி விளையாட்டுக்குச் சொல்வது. மீதிப் பாதியைச் சொல்ல அவர் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃப்ளோரா பிறந்தது 1922 ஜூன் 29 அன்று, க்ளூர்ன்ஸ் என்ற ஊரில். அப்பா அங்கே டாக்டர். ஊர் என்று சொன்னாலும் அதற்கு நகரம் என்ற பட்டம் பல நூற்றாண்டுகளாக உண்டு. இன்றைக்கும் அங்கே ஏறத்தாழ 900 பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் சுற்றிலும் முழுசாக ஒரு மதில், மூன்று வாசல், வாசலுக்கு ஒரு கோபுரம். 1499இல் பக்கத்தில் நடந்த கால்வென் போரில் ஊர் எரிந்துபோனது. அதற்குப் பிறகு பேரரசர் மாக்ஸிமிலியன் காலத்தில் எழுப்பத் தொடங்கிய மதில் அது. பெரிய நகரங்கள் எல்லாம் பிற்காலத்தில் மதிலை இடித்துச் சாலை போட்டன. க்ளூர்ன்ஸுக்கு இடிக்கக்கூட வசதி இல்லை, அதனால் மிஞ்சியது. மதிலுக்கு வெளியே எட்ச் ஆறு ஓடுகிறது. தொலைவில் பனிமலை. ஸ்விஸ் எல்லை கூப்பிடு தூரம்.

அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும் குட்டி நகரத்தை எங்கோ கனவில் கண்டது என்று பலர் நினைக்கிறார்கள். சாய்ந்த கூரைகளும் வாசல் கோபுரமும் ஆளில்லாத தெருவுமாக வரும் அந்த ஊரில், க்ளூர்ன்ஸின் புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கனவு கொஞ்சம்தான் கலந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த ஊர் ஆஸ்திரியாவில் இல்லை என்பது இன்னொரு சிக்கல். முதல் உலகப் போர் முடிந்ததும் 1919இல் ஸான் ஜெர்மான் ஒப்பந்தப்படி ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலை மாநிலமான டிரோலின் தெற்குப் பாதி இத்தாலிக்குப் போய்விட்டது. மக்கள் பேசியது ஜெர்மன், ஆட்சி இத்தாலி. முஸோலினி வந்ததும் நிலைமை முற்றியது. 1923 முதல் ஜெர்மன் பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன. ஊர்ப் பெயர்கள் மாறின, க்ளூர்ன்ஸ் ‘க்ளோரென்ஸா’ ஆனது. வீட்டு நிலவறையிலும் பரணிலும் ஒளித்து வைத்துக் குழந்தைகளுக்கு ஜெர்மன் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றை ‘சுரங்கக் கல்லறைப் பள்ளிகள்’ என்றே அழைத்தார்கள். ஃப்ளோராவுக்குப் பள்ளி வயது நெருங்கியபோது குடும்பம் மலையைத் தாண்டி ஆஸ்திரியப் பக்கம் வந்து இன்ஸ்ப்ரூக்கில் குடியேறிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஆயுள் முழுக்க இன்ஸ்ப்ரூக்வாசிதான். ஆகவே ‘ஆஸ்திரியக் கலைஞர்’ என்று சொல்வது தப்பில்லை. ஆனால் அந்த ஆஸ்திரியத்தனத்துக்கு அடியில் விட்டுவந்த ஊர் ஒன்று இருந்தது.

இளம் வயதில் அவரைப் பிடித்து உலுக்கியவர் ஓவியர் ஆல்ஃப்ரெட் கூபின். போஹிமியாவில் பிறந்து, மேல் ஆஸ்திரியாவில் ஸ்விக்லெட் என்ற சிறிய பண்ணை மாளிகையில் 1906 முதல் 1959இல் இறக்கும்வரை வாழ்ந்த மனிதர். பேய், பிணம், பாழடைந்த வீடு, இருட்டில் வரும் குதிரை என்று கெட்ட கனவுகளையே தொழிலாகக் கொண்டவர். கூபினிடம் பார்க்க வேண்டியது இருட்டை அவர் உண்டாக்கும் விதம். கறுப்பு மையைக் கொட்டிப் பூசுவது கிடையாது. நடுங்குகிற சின்னச் சின்னக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து, இருட்டு தானாகத் திரண்டு வந்தது போலக் காட்டுவார். இந்த வித்தையை ஃப்ளோரா உடனே எடுத்துக்கொள்ளவில்லை. அது அவர் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

முறையான படிப்பு வேறு திசையில் போனது. 1942 முதல் 1944 வரை ம்யூனிக் கலைக்கழகத்தில் ஓலாஃப் குல்ப்ரான்ஸன் என்ற நார்வேக்காரரிடம் மாணவர். குல்ப்ரான்ஸன் 1902 முதல் ‘ஸிம்ப்ளிஸிஸிமஸ்’ என்ற கேலி வார இதழின் தூண்களில் ஒருவர். கூபினுக்கு நேர் எதிர். நிழல் இல்லை, பின்னணி இல்லை. ஒரு முகத்தை நெற்றியில் தொடங்கி மோவாய்வரை ஒரே கோட்டில் இழுத்து முடித்துவிடுவார். ஆள் அச்சு அசலாக அங்கே இருப்பார். கலைஞனாக மேதை. மனிதனாக அந்த அளவுக்குச் சொல்ல முடியாது. 1933இல் எழுத்தாளர் தாமஸ் மன்னுக்கு எதிராக ம்யூனிக் பெரிய மனிதர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டார். நாஜி ஆட்சியில் கேலி இதழ் பல்லைப் பிடுங்கிய பாம்பாக ஊர்ந்தபோதும் அதில் தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தார். கேலிச்சித்திரம் தன்னளவில் துணிச்சலான கலை, அதிகாரத்தை எதிர்க்கிற கலை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அவர்களுக்கு நான் குல்ப்ரான்ஸனின் கதையைச் சொல்வது வழக்கம்.

1944இல் ஃப்ளோராவைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். இத்தாலி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா என்று அலைந்து, கடைசியில் அமெரிக்கர்களிடம் கைதியாகி, 1945இல் இன்ஸ்ப்ரூக் திரும்பினார். போரைப் பற்றி அவர் பெரிய படங்கள் எதுவும் போட்டுத் தள்ளவில்லை. ஆனால் அவர் வரைந்த தளபதிகளைப் பாருங்கள். மார்பு நிறையப் பதக்கம், இறகு வைத்த தொப்பி, குச்சிக் கால், உள்ளே ஆளே இல்லாதது போன்ற சட்டை.

ஃப்ளோராவைப் பரவலாகத் தெரியவைத்தது ஒரு பதிப்பகம். ஸூரிக் நகரில் டேனியல் கீல் என்ற இளைஞர் 1952இல் தியோகெனெஸ் பதிப்பகத்தைத் தொடங்கியபோது அவரிடம் பெரிய முதலீடு இல்லை, கண் மட்டும் இருந்தது. ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் ரொனால்ட் ஸெர்லின் படத்தொகுப்புதான் அங்கே முதல் புத்தகம். அடுத்த ஆண்டே ஃப்ளோராவின் ‘ஃப்ளோராஸ் ஃபௌனா’ வந்தது. லோரியோ, டோமி உங்கரர், ஸாம்பே போன்ற பெயர்பெற்ற கேலிச்சித்திரக்காரர்கள் எல்லாரும் பின்னால் அதே வீட்டுக்கு வந்தார்கள். வார்த்தையே இல்லாத, அல்லது ஒரு வரி மட்டுமே இருக்கிற படங்களைத் தனிப் புத்தகமாகக் காசு கொடுத்து வாங்கலாம் என்ற பழக்கத்தை ஜெர்மன் வாசகர்களிடம் உண்டாக்கியதில் அந்தப் பதிப்பகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

தலைப்புகளைக் கவனியுங்கள். மனிதரின் குடும்பப் பெயரே ஃப்ளோரா, அதாவது தாவரங்கள். ‘ஃப்ளோராவின் விலங்குகள்’ என்று முதல் புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். 1958இல் வந்தது ‘ட்ரௌவர்ஃப்ளோரா’. துக்கத்துக்குக் கையில் கட்டும் கறுப்புத் துணிக்கு ஜெர்மனில் ட்ரௌவர்ஃப்ளோர் என்று பெயர், அதன் வாலில் ஓர் எழுத்தைச் சேர்த்துத் தன் பெயராக்கிவிட்டார். அவர் வேலை பார்த்த வார இதழின் பெயர் ‘டி ஸைட்’, பொருள் காலம். அந்தக் காலத்து அரசியல் படத்தொகுப்புகளில் ஒன்றுக்கு ‘காலத்தின் பல்’ என்று பெயர், இன்னொன்றுக்கு ‘அடக் காலமே’ என்று பொருள்படும் பெயர். இன்ஸ்ப்ரூக்குக்கு மேலே அவர் குடியிருந்த மலைச்சரிவுக்கு ஹுங்கர்புர்க் என்று பெயர், பிரித்துப் பார்த்தால் ‘பசிக் கோட்டை’. 1975இல் வந்த புத்தகத்துக்கு ‘ஹுங்கர்புர்க் எலிஜிகள்’ என்று வைத்தார். எலிஜி என்றால் இரங்கற்பா. கவிஞர் ரில்கேயின் புகழ்பெற்ற துயினோ எலிஜிகளைத் தெரிந்தவர்கள் தலைப்பைப் படித்ததுமே சிரித்திருப்பார்கள். சிலேடையில் நம் தனிப்பாடல் புலவர்களுக்கு இருந்த அதே நாக்கரிப்பு இவருக்கும் இருந்திருக்கிறது.

1957இல் ஹாம்பர்க் வார இதழான ‘டி ஸைட்’ அவரை அரசியல் படம் போட அழைத்தது. 1971 வரை போட்டார். ஏறக்குறைய 3,000 படங்கள். கணக்குப் போட்டால் வாரத்துக்கு நான்கு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இத்தனையையும் அவர் இன்ஸ்ப்ரூக்கில் இருந்துகொண்டே செய்தார் என்பது. ஹாம்பர்க் வடகோடி, அரசியல் நடப்பது அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானில், இவர் உட்கார்ந்திருப்பது ஆல்ப்ஸ் மலையில், அதுவும் வேறு நாட்டில். மந்திரிகளோடு விருந்து சாப்பிடவில்லை, பத்திரிகையாளர் கூட்டத்தில் முண்டியடிக்கவில்லை. பான் நகரம் அவருக்குத் தூரத்தில் நடக்கும் பொம்மலாட்டம். அரசியல்வாதிகளைக் கயிற்றில் ஆடும் பாவைகளாகப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அப்போதிருந்தே இருந்தது. பிற்காலத்தில் அரசியலை விட்டுவிட்டார், பொம்மைகளை மட்டும் வைத்துக்கொண்டார்.

அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஐரோப்பாவில் எதுவும் சும்மா இருக்கவில்லை. மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவரான சான்ஸலர் அடெனாவர் நாற்காலியை விடமாட்டேன் என்றார். 1961இல் பெர்லின் சுவர் எழுந்தது. பிரான்ஸ் அதிபர் டி கோல் தன் மூக்கை எல்லாவற்றிலும் நுழைத்தார், அந்த மூக்கு கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கடவுள் கொடுத்த வரம். 1968இல் ப்ராக் நகரத்துக்குள் டாங்கி புகுந்தது. அடுத்த ஆண்டு வில்லி ப்ராண்ட் சான்ஸலர் ஆனார். இதையெல்லாம் ஃப்ளோரா மெலிந்த ஒற்றைக் கோட்டில் வரைந்தார். இந்தக் கட்டத்தில் அவர் கோடு குல்ப்ரான்ஸனின் வாரிசு. நிழல் கிட்டத்தட்ட இல்லை, வெள்ளைத் தாள் நிறைய இருக்கும், அதன் நடுவில் ஈர்க்குச்சி போன்ற மனிதர்கள். அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஸால் ஸ்டைன்பெர்கோடு ஒப்பிடுவார்கள். தவறில்லை. ஆனால் ஸ்டைன்பெர்கின் கோடு தன்னையே பார்த்து யோசிக்கும், ஃப்ளோராவின் கோடு எதிரில் இருப்பவரைப் பார்த்து உதட்டோரம் சிரிக்கும். அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த 3,000 படங்களில் பெரும்பாலானவை இன்று ஊறுகாய் தீர்ந்த ஜாடி மாதிரி. வாசனை இருக்கிறது, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கும் நாடுகளோடு உறவை முறித்துக்கொள்வோம் என்று மேற்கு ஜெர்மனி வைத்திருந்த ஹால்ஷ்டைன் கொள்கை என்ன என்று அடிக்குறிப்புப் போட்டால்தான் சிரிக்க முடியும் என்கிற படத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்? இது ஃப்ளோராவின் குறை இல்லை, அந்தத் தொழிலின் இயல்பு. வாரப் பத்திரிகைப் படம் வாரத்தோடு முடிந்துவிடும். ஐம்பது வயதை நெருங்கும்போது, நல்ல பெயரும் நிலையான சம்பாத்தியமும் இருந்த அந்த இடத்தை அவர் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வரைந்தவைதான் இன்று சுவர்களில் தொங்குகின்றன. கேள்வி கேட்டவர் ‘கேலிச்சித்திரக்காரரா, ஓவியரா’ என்று கேட்டதற்கு நேரடி விடை வேண்டுமென்றால் 1971ஐ எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லைக் கோடு அத்தனை சுத்தமாக விழாது, ஏனென்றால் அதற்கு ஓர் ஆண்டு முன்பே அவருடைய மிகக் கூர்மையான கேலிப் புத்தகம் வந்துவிட்டது. அது ஜெர்மன் மந்திரிகளைப் பற்றியது அல்ல, தன் சொந்த ஜனங்களைப் பற்றியது.

1970இல் வெளியான அந்தப் புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘வேரூன்றிய டிரோல்காரர்களும் அவர்களுடைய பொல்லாத எதிரிகளும்’. ‘மண்ணில் வேரூன்றியவன்’ என்பது டிரோலில் பெரிய புகழ்ச்சி. மேடைப் பேச்சிலும் ஊர்வலத்திலும் அடிக்கடி வரும் சொல். ஃப்ளோரா செய்தது ஒன்றே ஒன்று. அந்தப் புகழ்ச்சியைச் சொன்னது சொன்னபடி எடுத்துக்கொண்டார். வேரூன்றியவனுக்கு வேர் இருக்க வேண்டுமல்லவா? வரைந்துவிட்டார். தாடியும் தொப்பியுமாக நிற்கும் டிரோல்காரருக்குக் கால் இருக்க வேண்டிய இடத்தில் கிளைகிளையாக வேர். மரம் போல உறுதி, மரம் போல கம்பீரம், மரம் போலவே ஓர் அடி நகர முடியாது. உருவகத்தை உருவமாக்கிவிட்டால் அது தானே தன்னைக் கேலி செய்துகொள்ளும் என்பது கேலிச்சித்திரத்தின் பழைய சூத்திரம். அதை இத்தனை சிக்கனமாகச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இது எவ்வளவு ரணமான இடம் என்பது தெரிந்தால்தான் படத்தின் காரம் தெரியும். 1939இல் ஹிட்லரும் முஸோலினியும் பேசிவைத்துத் தென் டிரோல் மக்களிடம் ஒரு தேர்வை நீட்டினார்கள். ஜெர்மானியராக இருக்க வேண்டுமா, ஊரை விட்டுப் போ. ஊர் வேண்டுமா, இத்தாலியனாக ஆகிவிடு. அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் முடிவு சொல்ல வேண்டும். 100க்கு 85 பேருக்கு மேல் போகிறோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். போர் குறுக்கிட்டதால் உண்மையில் போனவர்கள் சுமார் 75,000 பேர். மண், ரத்தம், வேர் என்று முழங்கிய நாஜிகள்தான் அந்த வேரைப் பிடுங்கச் சொன்னவர்கள். போகிறேன் என்றவரும் இருக்கிறேன் என்றவரும் ஒருவரை ஒருவர் துரோகி என்று ஏசிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தினார்கள். போருக்குப் பிறகும் பகை ஆறவில்லை. 1961 ஜூன் 11 இரவு, தென் டிரோலின் தலைநகரான போட்ஸனைச் சுற்றி 37 மின்கோபுரங்களைத் தென் டிரோல் தீவிரவாதிகள் வெடிவைத்துச் சாய்த்தார்கள். ‘நெருப்பு இரவு’ என்று அதற்குப் பெயர். தென் டிரோலுக்கு விரிவான தன்னாட்சி கிடைத்தது 1972இல். ஃப்ளோராவின் புத்தகம் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

இத்தாலிக்காரர் ஒருவர் அந்தப் படத்தை வரைந்திருந்தால் கலவரம் ஆகியிருக்கும். வியன்னாக்காரர் வரைந்திருந்தால் தலைநகரத் திமிர் என்றிருப்பார்கள். வரைந்தவர் க்ளூர்ன்ஸ் டாக்டர் வீட்டுப் பிள்ளை, வேரோடு பெயர்ந்து வந்தவர். அதனால் டிரோல்காரர்கள் அதை விழுங்கிக்கொண்டார்கள். விழுங்கியது மட்டுமா, வேரூன்றிய டிரோல்காரர் படத்தை அவர்களே வாங்கி வீட்டில் மாட்டினார்கள். தன்னை அடித்த கேலியைச் சட்டம் போட்டு மாட்டும் பெருந்தன்மையைப் பார்க்கும்போது, அந்தக் கேலி போதுமான அளவு அடிக்கவில்லையோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. ஃப்ளோராவின் கேலியில் விஷம் குறைவுதான். இன்னோர் ஆஸ்திரியக் கேலிச்சித்திரக்காரரான மான்ஃப்ரெட் டைக்ஸ் வரைந்த ஆஸ்திரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிதுங்கும் தொப்பை, வழியும் வியர்வை, வாயில் தொத்திறைச்சி. அவற்றைப் பார்த்தால் உடம்பு கூசும். ஃப்ளோராவைப் பார்த்தால் கூசாது, கொஞ்ச நேரம் கழித்து முள் குத்தியது தெரியும்.

இனி வெனிஸ், அப்புறம் அண்டங்காக்கை.

க்ளூர்ன்ஸ் மதிலை ஒட்டி ஓடுகிற எட்ச் ஆறு ரெஷன் கணவாய் அருகில் பிறந்து, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஆடிஜே என்ற இத்தாலியப் பெயரோடு வெரோனாவைச் சுற்றிக்கொண்டு, வெனிஸ் காயலுக்குச் சற்றுத் தெற்கே கடலில் விழுகிறது. ஃப்ளோராவின் கற்பனையும் அதே தண்ணீரோடு கீழே இறங்கியிருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆசை. இது நிரூபணம் இல்லை, பூகோளம் மட்டுமே. ஆனால் ஆஸ்திரியர்களுக்கு வெனிஸ் ஒரு பழைய சொத்து போல. 1815 முதல் 1866 வரை அது அவர்கள் கையில் இருந்தது. கைவிட்டுப் போன பிறகு அதை நினைத்துப் பெருமூச்சு விடுவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஃப்ளோராவின் வெனிஸில் சுற்றுலாக்காரர்கள் கிடையாது, வெயில் கிடையாது. குளிர்காலம், மூடுபனி, விடியலா அந்தியா என்று தெரியாத வெளிச்சம். இடிந்துவிழப்போகும் மாளிகைகள். முகமூடி போட்டவர்கள் இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ பாலத்தில் நிற்கிறார்கள், பேசுகிறார்களா என்று தெரியாது. அவர்களில் ஒருவர் கொள்ளைநோய் மருத்துவர். பதினேழாம் நூற்றாண்டில் அந்த மருத்துவர்கள் நீண்ட அலகு வைத்த முகமூடி போட்டு, அலகுக்குள் மூலிகை திணித்துக்கொண்டு, கெட்ட காற்று அண்டாது என்று நம்பி நோயாளிகளிடம் போனார்கள். கறுப்பு அங்கி, கறுப்புத் தொப்பி, நீண்ட அலகு.

இங்கேதான் பறவை உள்ளே வருகிறது. அந்த மருத்துவரைக் கொஞ்சம் சின்னதாக்கி, கையை எடுத்துவிட்டால் அண்டங்காக்கை. அண்டங்காக்கையை நிமிர்த்தி நிற்கவைத்தால் மருத்துவர். அதற்கு ஓர் அங்கவஸ்திரம் போட்டால் பாதிரியார், பதக்கம் குத்தினால் தளபதி, கையில் தாளைக் கொடுத்தால் கவிஞர். ஃப்ளோரா பல ஆண்டுகள் இந்த ஒரே உருவத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு விளையாடினார். 1985இல் வந்த ‘ஸான் மார்க்கோவின் அண்டங்காக்கைகள்’ அந்த விளையாட்டின் உச்சம். ஸான் மார்க்கோ சதுக்கம் என்றால் உலகத்துக்கே புறாதான் ஞாபகம் வரும். புறாவை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அண்டங்காக்கையை உட்காரவைத்தார். அவ்வளவுதான் நகைச்சுவை. அந்த ஒரு மாற்றத்தில் தபால் அட்டை வெனிஸ் செத்து, வேறொன்று எழுந்துவிடுகிறது.

அவை அபசகுனமா? பார்ப்பவர்கள் அப்படித்தான் முதலில் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, காப்பி வருமா என்று எட்டிப் பார்க்கும் தூரத்து உறவினர்களைப் போல இருக்கின்றன. துக்கம் இருக்கிறது, ஆனால் பசியும் இருக்கிறது.

இந்தப் படங்களில் கோடு முற்றிலும் மாறிவிட்டது. பழைய வெள்ளைத் தாள் காணாமல் போயிற்று. வானம், தண்ணீர், சுவர், மூடுபனி எல்லாமே சின்னச் சின்ன இணைகோடுகள். பேனாவை மையில் தொட்டு, ஒரு திசையில் நூறு கோடு, அதன்மேல் சற்றுச் சாய்த்து இன்னொரு நூறு. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே கோட்டை நெருக்காமல் விட்டுவிடுவது. தூரத்தில் இருந்து பார்த்தால் சாம்பல் நிறப் பட்டுத்துணி மாதிரி இருக்கும், கிட்டே போனால் எல்லாம் தனித்தனிக் கீறல். இளமையில் பார்த்த கூபின் ஐம்பது வயதுக்கு மேல் அவர் விரலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஆனால் கூபினின் கோடு நடுங்கும், இவருடையது நடுங்காது. பயத்தைக்கூட நிதானமாக, வரிசை தப்பாமல் நெய்கிறவர்.

ஒருமுறை, அச்சில் வந்த படம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, அதன் வானத்தை மட்டும் பார்த்துப் போட்டுப் பார்த்தேன். உள்ளங்கை அகலம்தான். தொட்டு எழுதும் பேனா, இந்தியன் இங்க், வழவழப்பான தடித்த தாள். முதல் பத்து நிமிடம் ஒழுங்காக வந்தது. பிறகு மை நிப்பில் காய்ந்து கோடு பிளந்தது, துடைத்துவிட்டு மறுபடி தொட்டால் முதல் கோடு தடித்து விழுந்தது. அந்த ஒரு தடித்த கோடு வானத்தில் விழுந்த தழும்பு மாதிரி, அழிக்க வழியில்லை. நாற்பது நிமிடத்தில் மணிக்கட்டு இறுகிவிட்டது. கோடுகள் என்னை அறியாமல் வளையத் தொடங்கின. அவர் படத்தில் அதே கோடுகள் மூலையிலிருந்து மூலைவரை ஒரே மூச்சில் போட்டது போல இருக்கின்றன. அதற்குப் பிறகு அவர் வானத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அங்கே ஒன்றுமில்லை என்று கண்ணை நகர்த்திவிடத் தோன்றும் இடத்தில்தான் அவர் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

பிற்காலத்தில் வண்ணப் பென்சிலும் சேர்ந்தது. பேனாக் கோட்டின்மேல் லேசாகத் தேய்த்த நீலம், மங்கிய சிவப்பு, மாலைநேர மஞ்சள். எச்சிங் என்ற உலோகத்தகட்டு அச்சுப் பிரதிகளும் கல்லச்சுப் பிரதிகளும் நிறைய வந்தன. அதனால் நடுத்தர வருமானம் உள்ளவர்கள்கூட ஒரு ஃப்ளோராவை வாங்கி மாட்ட முடிந்தது. விமர்சகர்கள் சிலர் இதைத்தான் குறையாகச் சொல்வார்கள்: எல்லார் வீட்டிலும் தொங்குகிறது, அழகாக இருக்கிறது, ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது என்று. திரும்ப வருகிறது என்பது உண்மைதான். முகமூடி, பாவை, ரயில், பனி, பறவை. ஆனால் அவற்றுக்குள் சுற்றிச் சுற்றி வந்ததால்தான் வானத்தை அப்படிப் போட அவருக்குக் கை பழகியது.

ஹுங்கர்புர்க் வீட்டைப் பற்றி ஒரு வரி. இன்ஸ்ப்ரூக்கிலிருந்து அங்கே மலை ரயிலில் ஏறலாம். 1906இலிருந்து ஒரு பழைய வண்டி ஓடியது, 2007இல் கட்டடக்கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்த பனிக்கட்டி போன்ற நிலையங்களோடு புதிய தடம் வந்தது. கீழே நகரம், பின்னால் நார்ட்கெட்டெ மலைத்தொடர். அந்தப் பாறைகளில் மஞ்சள் அலகு வைத்த ஆல்ப்ஸ் காக்கைகள் கூட்டம் கூட்டமாகச் சுற்றும். கறுப்புப் பறவைக்கு அவர் வெனிஸ்வரை போக வேண்டியிருக்கவில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும்.

2009 மே 15 அன்று இன்ஸ்ப்ரூக்கில் இறந்தார், 86 வயது. வேரூன்றியவர்களை அத்தனை கேலி செய்தவரை எங்கே அடக்கம் செய்தார்கள் தெரியுமா? க்ளூர்ன்ஸில். மதிலின் வாசல் கோபுரங்களில் ஒன்றான தேவாலய வாசல் கோபுரத்துக்குள் அவர் படங்களுக்கென்று நிரந்தரக் காட்சி வைத்திருக்கிறார்கள்.

அங்கே போக முடியாதவர்கள் தியோகெனெஸ் வெளியிட்ட பழைய பதிப்புகளைத் தேடலாம், ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வார்த்தைகள் குறைவு. தொடங்குவதானால் ‘ஸான் மார்க்கோவின் அண்டங்காக்கைகள்’. பறவையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வானத்தைப் பாருங்கள்.